விளிம்பையும் காட்டுங்கள்

பழைய காசு வாங்குகிறவர் அதைக் கையில் எடுத்ததும் விளிம்பைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார். கோயில் வாசலில் துணி விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் வாங்கினாலும் சரி, நாணயக் கண்காட்சியில் வாங்கினாலும் சரி, கனம் கைக்குத் தெரிந்துவிடும். சுண்டிவிட்டால் ஓசை காதுக்குத் தெரிந்துவிடும். இப்போது இந்த வியாபாரத்தில் பெரும்பகுதி கைபேசிக்குள் போய்விட்டது. வாட்ஸ்அப் குழுவில் படம் வருகிறது, ஏலம் ஓடுகிறது, சற்று நேரத்தில் பணமும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கனமும் ஓசையும் விளிம்பும் மட்டும் படத்தில் வருவதில்லை. பார்த்து வாங்கிக்கொள்வது உன் பாடு என்பது பழைய சந்தை நியாயம். தொட்டுப் பார்க்கவே வழியில்லாத இடத்தில் அந்த நியாயம் செல்லாது. கையால் தெரிந்துகொள்ள முடியாததையெல்லாம் விற்கிறவர் வாயால் சொல்லியாக வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

விக்டோரியா மகாராணி தலை போட்ட வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. புழங்கித் தேய்ந்த காசு கொஞ்சம் குறையும், ஆனால் கிராம் கணக்கில் குறைந்தால் ஏதோ கோளாறு. நகைக்கடையில் வைத்திருப்பதுபோன்ற சிறிய மின் தராசு இன்று மலிவாகவே கிடைக்கிறது. எடை போட்டுச் சொல்ல மறுக்கும் வியாபாரியிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை. இன்னொன்று: 1862 என்று ஆண்டு பொறித்த ரூபாயை அந்த ஒரு வருடம் மட்டும் அடிக்கவில்லை. 1874 வரை அதே ஆண்டைப் போட்டே அடித்தார்கள். பம்பாய்க் காசுகளில் ஆண்டுக்குக் கீழே இருக்கும் சிறு புள்ளிகளைக்கொண்டுதான் எது எப்போது அடித்தது என்று பிரிக்கிறோம். புள்ளிக் கணக்கு மாறினால் விலையும் மாறும். அதனால் ‘1862 ரூபாய், நல்ல கண்டிஷன்’ என்று ஒரு வரி போட்டு, மங்கலான படம் ஒன்றை வைப்பது பொருளைக் காட்டாமலே விலை சொல்வதாகும்.

நம் ஊர்க் காசுகளுக்கென்று தனியாக ஒரு சங்கதி உண்டு. வெள்ளி ரூபாயையும் தங்கப் பவுனையும் காது வைத்துப் பற்றவைத்து மாலையாகக் கோத்துப் போட்டுக்கொண்டவர்கள் நாம். அந்த மாலைகள் பிரிந்து, காதை வெட்டி, அரம் போட்டுத் தேய்த்த காசுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்திருக்கின்றன. மகாராணியின் தலைக்கு நேர் மேலே விளிம்பில் உற்றுப் பார்த்தால் ஈயப் பற்றின் தழும்போ அரம் பட்ட தட்டையோ தெரியும். நேராக மேலிருந்து எடுத்த படத்தில் அது தெரியாது. சாய்த்துப் பிடித்து விளிம்பை ஒரு படம் எடுத்துப் போட அரை நிமிடம் ஆகாது. கேட்டால், “விளிம்புல என்ன சார் இருக்கு?” என்பார்கள். அந்தக் காசின் விலையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

துலக்குவதும் இப்படித்தான். வெள்ளிப் பாத்திரத்தை விபூதி போட்டும் செம்பைப் புளி போட்டும் துலக்கிப் பழகிய கை, காசையும் விட்டுவைப்பதில்லை. செப்புக் காசின் மேல் நூறு ஆண்டுகளாகப் படிந்த பழுப்பு நிறத்தோல் ஒரு நிமிடத்தில் போய்விடும், திரும்ப வராது. புதிதாகச் சேர்க்க வருகிறவர் அந்தப் பளபளப்பைத்தான் தரம் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்கிறார். அனுபவப்பட்டவர் அதையே காரணமாகச் சொல்லி விலையைக் குறைப்பார். துலக்கிய காசையும் காது எடுத்த காசையும் விற்கக் கூடாது என்பதில்லை. ஒரு பாட்டியின் கழுத்தில் கிடந்த காசு என்று தெரிந்தே ஆசையாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லிவிட்டு விற்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்குகிறவர் பக்கம் வருவோம். கோயம்புத்தூரில் காசு விற்கும் நண்பர் ஒருவருக்கு நடந்தது. 1947-ஆம் ஆண்டு புலி ரூபாய் ஒன்றை அனுப்பினார். வாங்கினவர் அதன்மேல் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “இரும்புல செஞ்சு ஏமாத்திட்டீங்களேண்ணா” என்று குழுவிலேயே எழுதிவிட்டார். உலகப் போர்க்காலத்து வெள்ளித் தட்டுப்பாட்டில் 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது. நிக்கலைக் காந்தம் இழுக்கும். அந்தப் புலி ரூபாய் காந்தத்தில் ஒட்டாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். நண்பர் விளக்கினார், அவரும் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஏமாற்றுக்காரர் என்ற பெயர் குழுவில் எத்தனையோ பேர் கண்ணில் பட்டாகிவிட்டது. ஒரு காசைக் கேட்பதற்கு முன் அதன் உலோகம், எடை, அளவு மூன்றையாவது படித்துக்கொள்வது வாங்குகிறவர் கடமை. படித்தவருக்குக் காசே சாட்சி சொல்லும். 1911-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கி மேல் இருந்த யானை, பன்றிபோலத் தெரிகிறது என்று கூச்சல் எழுந்தது. அடித்ததில் பெரும்பகுதியை வெளியே விடாமல் உருக்கினார்கள், 1912-இல் யானையின் தும்பிக்கையைத் தெளிவாக வரைந்தார்கள். இன்று ஒருவர் 1911 ரூபாய் என்று காட்டும்போது ஆண்டை மட்டும் பார்ப்பது போதாது. எண்ணைச் சுரண்டி மாற்றலாம், யானையை மாற்றுவது கடினம்.

ஏலத்தில் விலை ஏற்றிவிட்டுக் காணாமல் போவது, வந்த காசை வைத்துக்கொண்டு தன்னிடமிருந்த தேய்ந்த காசைத் திருப்பி அனுப்புவது, இவையும் வாங்குகிறவர்கள் செய்வதுதான். பார்சலைப் பிரிக்கும்போதே படம் பிடித்துக்கொண்டால் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. விற்கிறவர் தன் கையில் இருக்கும் அதே காசைப் படம் எடுத்துப் போட வேண்டும். திருப்பித் தருவதற்கு எத்தனை நாள் என்பதை முன்பே பேசிவிட வேண்டும். மலிவான பி.வி.சி. உறையில் போட்டு வைத்தால் நாளாக நாளாகக் காசின் மேல் பச்சைப் பிசுக்குப் பிடிக்கும். உறை மாற்றுவதற்குச் செலவு அதிகமில்லை.

வைஷ்ணவ தேவி படம் போட்ட பத்து ரூபாய் லட்சக்கணக்கில் போகும் என்ற புரளியை நம்பி, ‘கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள்’ என்று கேட்டவர்களிடம் பணம் இழந்த குடும்பங்கள் உண்டு. பழைய காசுகளை வாங்குவதோ அதற்குக் கட்டணம் கேட்பதோ தன் வேலை இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கையே விட்டது. பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். ராமர் பட்டாபிஷேகமும் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’ என்ற பெயரும் 1818 என்ற ஆண்டும் சேர்ந்த அரை அணாவையும் இங்கே சொல்ல வேண்டும். கம்பெனி சென்னையில் அடித்த பகோடா என்ற காசில் திருமால் உருவம் உண்டு என்பது உண்மை, அதனாலேயே இதையும் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். இது பிற்காலத்தில் யாரோ செய்த வில்லை. இதைத் தெரிந்தே விற்கிறவர் அப்பாவிகளின் பக்தியில் கை வைக்கிறார்.

இவ்வளவுக்கும் மேலே எனக்கு மிக முக்கியமாகப் படுவது, காசு எங்கே கிடைத்தது என்ற விவரம். கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து வந்த காசுகள் சங்ககாலச் சேரர் வரலாற்றையே துலக்கியவை. ‘மாக்கோதை’ என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசுகளை நினைத்துப் பாருங்கள். பாண்டியரின் ‘பெருவழுதி’ காசை அடையாளம் கண்டு வெளியிட்ட, அன்றைய தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்களின் உழைப்பில்தான் இந்தக் காசுகள் ஆய்வுக்குள் வந்தன. புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் கிடைத்த ரோமானியத் தங்கப் புதையலில் 501 காசுகள்; பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின்மேல் உளியால் வெட்டிய தழும்பு. ஒரே இடத்தில் மொத்தமாகக் கிடைத்ததாகப் பதிவானதால்தான், இது வேண்டுமென்றே செய்த வேலை என்று தெரிகிறது. ஒவ்வொன்றாகச் சிதறி விற்றிருந்தால் ‘சேதமான காசு, விலை குறைவு’ என்று எழுதியிருப்பார்கள்.

ஆகவே ‘கரூர்ப் பக்கம், இன்னார் சேகரிப்பிலிருந்து’ என்று இரண்டு சொல் எழுதிக் காசோடு ஒரு துண்டுச்சீட்டு அனுப்பும் வியாபாரிக்கு நான் கேட்ட விலையைக் கொடுப்பேன். அந்தச் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருந்து, பின்னாளில் காசை விற்கும்போது சேர்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. நூறு ஆண்டு கடந்த காசை வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டால் அனுப்பக் கூடாது. தொல்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மண் ஒட்டியபடியே சில காசுகளைப் படம் எடுத்து, “நேத்து தோண்டும்போது கெடச்சது, யாருக்கும் சொல்ல வேண்டாம்” என்று தனியே அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. அதைச் சொல்லி, தாசில்தார் அலுவலகத்துக்கோ பக்கத்து அருங்காட்சியகத்துக்கோ போகச் சொல்வேன். சிலர் கோபப்பட்டுப் பேச்சை முறித்துக்கொள்கிறார்கள். எவ்வளவு அரிய காசாக இருந்தாலும் அவர்களிடம் நான் வாங்குவதில்லை.