தலையை இறக்கினால் கால் மிதக்கும்

தகப்பன் மகனுக்குச் செய்ய வேண்டியவை என்று யூதர்களின் தால்முத் சில கடமைகளைச் சொல்கிறது. வேதம் சொல்லிக்கொடுப்பது, தொழில் பழக்குவது, கலியாணம் செய்துவைப்பது. இவற்றோடு நீச்சலையும் சேர்க்க வேண்டும் என்று சில ரபிகள் சொல்லியிருக்கிறார்கள். உயிர் அதில் இருக்கிறது என்பது காரணம். 1568 இல் பரதேசி சினகாக் என்ற யூத ஆலயத்தைக் கட்டியவர்களின் தெருவில், கொச்சியில் எங்கள் ஜூ டவுனில், அது பொருத்தமான விதிதான். தெருவைத் தாண்டினால் காயல்.

நம் வீடுகளில் இந்தக் கடமை எப்போதோ விட்டுப்போனது. கிணறும் கண்மாயும் நிறைந்திருந்த காலத்தில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமாவோ சித்தப்பாவோ உள்ளே தள்ளிவிடுவார். அந்த வாய்ப்பில்லாமல் வளர்ந்தவர்கள் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். படகேறிப் போய்வருகிறார்கள், நீந்தத் தெரியாது. 2015 ஆகஸ்ட் 26 அன்று ஃபோர்ட் கொச்சி ஜெட்டி அருகே பயணிகள் படகின்மேல் மீன்பிடிப் படகு மோதியது. 11 பேர் இறந்தார்கள். இங்கே யாருக்கும் அது மறக்கவில்லை. ஆனாலும் நீச்சல் கற்கப் போனவர்கள் எத்தனை பேர்?

மிளகுக் கிட்டங்கியில் கணக்கெழுதும் தென்காசித் தம்பி ஒருவரை எர்ணாகுளத்தில் ஒரு நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனேன். இறங்கியதும் தாடையை இறுக்கி, முகத்தை வானத்துக்குத் தூக்கி, கையையும் காலையும் அடித்தார். இரண்டு கெஜம் போவதற்குள் கால் தரையைத் தட்டியது. “என் உடம்பு கனம் அண்ணாச்சி, நான் மிதக்க மாட்டேன்” என்றார். வயது வந்தவர்கள் எல்லாரும் சொல்வது இது. அநேகமாகத் தப்பு.

வளர்ந்த ஆணின் நுரையீரல் முழுதாக விரிந்தால் சுமார் 6 லிட்டர் காற்று பிடிக்கும். அந்த அளவில் பெரும்பாலோர் உடம்பு தண்ணீரைவிட ஒரு பொடி லேசு. கிட்டங்கிக்காரருக்கு இதை விளக்க நேரம் ஆகவில்லை: பொக்கு மிளகு மேலே நிற்கும், முற்றிய மிளகு அடியில் போகும், உள்ளே இருக்கும் காற்றுதான் வித்தியாசம். தொப்பைக்காரர்களுக்கு இங்கே தனிச் சலுகை உண்டு. கொழுப்பு தண்ணீரைவிட லேசு. ஒல்லியான, தசை முறுக்கிய ஆள்தான் சிரமப்படுவார்.

பிறகு ஏன் கால் இறங்குகிறது? காற்று நெஞ்சில் இருக்கிறது, கனம் இடுப்பிலும் தொடையிலும் இருக்கிறது. நெஞ்சு மேலே வரப் பார்க்கும், கால் கீழே போகப் பார்க்கும். இந்த லட்சணத்தில் தலையையும் வெளியே தூக்கினால், நாலைந்து கிலோவைத் தாங்கும் வேலை தண்ணீரிடமிருந்து உங்கள் கழுத்துக்கு வந்துவிடும். முன்பக்கம் எழும்ப எழும்பப் பின்பக்கம் தாழும். பயத்தில் முழங்காலை மடக்கி உதைத்தால் இன்னும் தாழும்.

அதனால் கையை மறக்கச் சொன்னேன். குளத்து விளிம்பைப் பிடித்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூக்கு வழியாக ‘ம்ம்ம்’ என்று முனகச் சொன்னேன். குமிழி வர வேண்டும். பெரியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மூச்சை அடக்கி வைத்திருந்து, தலை தூக்கிய ஒரு நொடிக்குள் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்று தவிக்கிறார்கள். உள்ளேயே விட்டுவிட்டால் வெளியே இழுப்பது மட்டும்தான் வேலை. அது பழகியதும், நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு குனியச் சொன்னேன். முதலில் கொஞ்சம் அமிழ்ந்தார். பிறகு முதுகு தானாக மேலே வந்து நின்றது. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை பார்த்துக்கிடுதேன்” என்றார்.

அதற்குப் பிறகுதான் சுவரை உதைத்து நீண்டு வழுக்கிப் போவது. கண் குளத்தின் தரையைப் பார்க்க வேண்டும், எதிர்ச் சுவரை அல்ல. நெஞ்சை லேசாக அழுத்தினால் இடுப்பு எழும். உதை இடுப்பிலிருந்து வரட்டும், கணுக்கால் தளர்ந்திருக்கட்டும். கை வீச்சு கடைசிப் பாடம்.

படித்தவர்களுக்கும் பதவியில் இருந்தவர்களுக்கும் இது நேரமெடுக்கும். தலை குனியப் பழகாத கழுத்து அது.

காயலிலேயே கற்றால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கோடையில் கடல்நீர் ஏறி வரும். கடல்நீர் லிட்டருக்கு 25 கிராம் கூடுதல் கனம், ஆகவே கூடுதலாகத் தூக்கும். தென்மேற்கு மழையில் ஆறுகள் வந்து கலந்ததும் அதே காயல் ஏறக்குறைய நல்ல தண்ணீராகிவிடும். ஏற்ற இறக்க நீரோட்டம் வேறு, சேறு வேறு, படகுப் போக்குவரத்து வேறு. புதிதாகக் கற்பவருக்கு அது இடமே அல்ல. நெஞ்சளவு ஆழமுள்ள குளம் போதும், பக்கத்தில் நீந்தத் தெரிந்தவர் நிற்க வேண்டும். ஆற்றில்தான் கற்பேன் என்றால் ஆலுவாவில் சஜி வாளாச்சேரில் என்பவர் இருக்கிறார். பெரியாற்றில் கட்டணம் வாங்காமல் சொல்லிக்கொடுப்பவர். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் அவரிடம் கற்றிருக்கிறார்கள்.

எங்கே சேர்ந்தாலும் சரி, பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: கை வீச்சு பிறகு இருக்கட்டும், முதலில் மிதக்கவும் மூச்சு விடவும் கற்றுக்கொடுங்கள் என்று.