நார்வேக்கு வழி புளியறை

நாலு குடும்பம் சேர்ந்து வெளிநாடு போகலாம் என்று திட்டம் போட்டிருக்கிறீர்களா? உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன நடக்கிறது என்று நான் சொல்லட்டுமா? ஒருவர் தினமும் காலையில் மலை, ஏரி படமாக அனுப்பித் தள்ளுவார். ஒருவர் விமான டிக்கெட் விலை அனுப்புவார். இரண்டு பேர் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டுவார்கள். ஒருவர் எதுவுமே எழுத மாட்டார்.

எதுவும் எழுதாத அந்த ஆளைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

எங்கள் குரூப்பில் ஏழு பேர். பி.காம். ஒன்றாகப் படித்த நாலு பேர்தான் அடிப்படை. தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியும் அவர் மனைவியும். பேங்க் ஆபீசர் ஒருவர், கூடவே 72 வயதான அவருடைய அம்மா. நானும் என் மனைவியும். ஏழாவது ஆள் தனியார் பள்ளியில் காமர்ஸ் எடுக்கும் வாத்தியார். அவர் மட்டும் தனியாள். மனைவி வரவில்லையா என்று கேட்டதற்கு, "அவளுக்குக் குளிர் ஒத்துக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஊர், நார்வே. அதற்குக் காரணம் அந்த அம்மா. பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடத்தில் நடுராத்திரி சூரியனைப் பற்றிப் படித்தவர், சாவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார். அதற்கு ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே ஏற வேண்டும். ட்ரோம்ஸோ என்கிற ஊரில் மே மாதம் இருபது தேதி வாக்கில் உதிக்கிற சூரியன் ஜூலை இருபதுக்குப் பிறகுதான் மறையும். எனவே ஜூன் என்று முடிவானது.

கணக்கு பார்க்கிற வேலை வழக்கம்போல என் தலையில். படித்தது நாலு பேர், லெட்ஜர் எழுதுவது ஒருத்தன்! உட்கார்ந்து போட்டேன். நார்வேயின் பணம் குரோனர். ஒன்று சுமார் எட்டு, ஒன்பது ரூபாய். ஒரு காப்பி குடித்தால் நானூறு ரூபாய் காலி. விசா ஷெங்கன் வகை. கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்காமல் மனுவே போட முடியாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து மனு கொடுக்கலாம். கைரேகைக்கு நேரில் போகணும். டூர் கம்பெனி பேக்கேஜில் போனால் டி.சி.எஸ். என்று ஒரு தொகையைப் பிடிப்பார்கள். அது போன பணமில்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கிளம்பும்போது கையிலிருந்து போகத்தானே செய்கிறது? பன்னிரண்டு நாள், தலைக்கு நாலு லட்சத்தைத் தாண்டியது. குரூப்பில் போட்டேன். கட்டைவிரல்கள் எழுந்தன. வாத்தியார் மட்டும் மௌனம்.

அப்போதுதான் அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். "முதல்ல ரெண்டு நாள் நம்ம தோப்புல வந்து இருங்க. அங்கயே ஒத்துப்போகலன்னா நார்வேல போயி என்னத்த ஒத்துப்போவம்?"

தோப்பு இருப்பது புளியறையில். செங்கோட்டையைத் தாண்டி கேரளா போகிற வழியில் தமிழ்நாட்டின் கடைசி ஊர். செக்போஸ்ட்டைக் கடந்தால் எஸ் எழுத்து மாதிரி வளையும் மலைப்பாதையில் லாரிகள் முனகிக்கொண்டே ஏறும். கீழே வயல், தென்னை, பின்னால் மேகம் சுற்றிய மலை. ஆடி மாதச் சாரலில் அந்த இடத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.

இந்தமுறை வாத்தியாரின் மனைவியும் வந்திருந்தார். ஆக எட்டுப் பேர்.

ஒத்திகைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது என்பது போன பிறகுதான் புரிந்தது. நார்வேயில் எல்லோரும் முண்டியடிப்பது ஃப்ளோம் என்கிற மலை ரயிலுக்கு. 1940-இல் ஓடத் தொடங்கியது. வெறும் 20 கிலோமீட்டர்தான். ஆனால் 860 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து குகை குகையாக நுழைந்து, ஃபியோர்டு எனப்படும், மலையிடுக்கில் கடல் நுழைந்து நிற்கும் நீர்ப்பரப்பின் கரையில் கொண்டுபோய் இறக்கிவிடும். நடுவில் ஓர் அருவிக்கு முன்னால் ரயில் நிற்கும். கோடையில் அங்கே பாட்டுப் போட்டு, சிவப்புப் பாவாடையில் ஒரு பெண் பாறைமேல் ஆடுவாராம். அவர்கள் ஊர் மோகினிக் கதை!

நம் செங்கோட்டை–புனலூர் பாதையில் 1904-லேயே ரயில் வந்துவிட்டது. மீட்டர் கேஜை 2010-இல் நிறுத்தினார்கள். அகலப் பாதையாகி 2018-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. செங்கோட்டையை விட்டுப் பகவதிபுரம் தாண்டினால் நீளமான குகை, அந்தப் பக்கம் ஆரியங்காவு, கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம். மோகினி ஆட்டம் மட்டும்தான் பாக்கி. டிக்கெட்டோ ஒரு காப்பி விலைகூட இல்லை. நார்வே காப்பி விலையைச் சொல்லவில்லை, நம்ம ஊர் ஃபில்டர் காப்பியைச் சொல்கிறேன்.

முதல் நாளே பலதும் வெளுத்துவிட்டது. அண்ணாச்சி காலை ஒன்பதுக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார். ஃப்ளோம் ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டு அவரை எப்படி எழுப்புவது? பேங்க்காரர் எங்கே போனாலும் பில்லைத் தானே பிடுங்கிக் கொடுத்துவிட்டு, ராத்திரி படுக்கும்போது புலம்பும் ரகம். பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்கு அப்படித்தான் செய்தார். அம்மா சைவம்; அவருக்கு இட்லி தேடி ஒரு மணி நேரம் அலைந்தோம். தென்காசியிலேயே இந்தக் கதை என்றால் பெர்கனில்? சமையலறை உள்ள வீடாக வாடகைக்கு எடுப்பது என்று அங்கேயே முடிவு செய்தோம். செலவில் பெரிய ஓட்டை அடைபட்டது. நார்வேயில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் பாட்டில் தண்ணீர்ச் செலவும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ஐந்தருவியில் நடந்ததை.

பெண்கள் பக்கம் எல்லோரும் நடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். வாத்தியாரின் மனைவி மட்டும் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தபடி வந்தார். என் மனைவி சும்மா இருக்காமல், "உங்களுக்குக் குளிர் ஒத்துக்காதுன்னாரே?" என்று கேட்டுவிட்டாள்.

"எனக்கா? மார்கழியில விடியக்காலம் தாமிரவருணில முங்கி வளந்தவ நான். யாரு சொன்னா?"

யாரும் பதில் சொல்லவில்லை. வாத்தியார் அங்கே காயப்போட்டிருந்த துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி தோப்பில் அண்ணாச்சி அவசரப்பட்டார். "உன் வீட்டம்மா டிக்கெட்ட நான் போடுதேன் டே, விடு." நல்ல மனசுதான். ஆனால் வாத்தியாரின் முகம் இறுகிவிட்டது. "வேண்டாம் டே. பொறவு நார்வேல அவ ஒரு காப்பி கேக்கவே யோசிப்பா" என்றார். கைநீட்டி வாங்கிய டிக்கெட்டில் போகிறவர் எந்த இடத்திலும் 'எனக்கு இது வேண்டும்' என்று சொல்ல முடியாது. நண்பருக்குக் கொடுத்து உதவுவதை நான் தப்பு சொல்லவில்லை, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுங்கள். உல்லாசப் பயணத்துக்கு வேண்டாம்.

காகிதத்தை எடுத்தேன். வாத்தியாரிடம் எல்.ஐ.சி. முதிர்வுப் பணம் நாலேகால் லட்சம் இருந்தது. அதாவது ஒருவருக்கு மட்டும் போதும், அதனால்தான் குளிர்! பன்னிரண்டு நாளை எட்டாக்கினால், வடக்கே போகும் விமானத்தை எடுத்துவிட்டால், ஓட்டலுக்குப் பதில் வீடு எடுத்தால் தலைக்கு இரண்டே முக்கால் லட்சத்துக்குள் வருகிறது. இருவருக்கு ஐந்தரை. குறைவது ஒன்றேகால். பத்து மாதம் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் மாதம் பன்னிரண்டரை ஆயிரம் ஆர்.டி. போடுவது, அண்ணாச்சி உட்பட. அவருக்கு அது தேவையே இல்லை, இருந்தாலும் போடுகிறார். எல்லோரும் போட்டால்தான் அது சேமிப்பு. ஒருவர் மட்டும் போட்டால் கடன் மாதிரித் தெரியும்.

இதில் வெட்டு விழுந்தது யாருக்கு என்று கவனித்தீர்களா? அந்த அம்மாவுக்கு. ட்ரோம்ஸோவுக்கு ரயில் கிடையாது. விமானத்தை எடுத்துவிட்டால் நடுராத்திரி சூரியன் போச்சு. ஜூனில் பெர்கனிலும் இரவு பத்து மணிக்கு வெளிச்சம் இருக்கும்தான், ஆனால் சூரியன் மறைந்துவிடுமே.

"ராத்திரியும் வெயிலடிச்சா மனுசன் எப்ப தூங்குதது? எனக்கு வேண்டாம்பா" என்றார் அம்மா. அது விட்டுக்கொடுத்த பேச்சு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மற்ற ஆறு பேரும் பெர்கனில் இருக்கும் இரண்டு நாளில், அம்மாவும் மகனும் மட்டும் வடக்கே பறந்துவிட்டு வரட்டுமே என்றேன். குழுவாகப் போனால் எல்லாவற்றையும் எல்லோரும் சேர்ந்தேதான் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்கள்லாம் இல்லாம அதைத் தனியாப் பாத்து யாருகிட்ட சொல்லுதது?"

மறுநாள் கிளம்பும்போது புளியறை டீக்கடைக்காரர், "எந்த ஊருக்கு அண்ணாச்சி போறீய?" என்று விசாரித்தார். மலை, அருவி, ரயில், வருஷத்தில் 200 நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊர் என்று விளக்கினோம். அவர் டீயை ஆற்றிக்கொண்டே வெளியே சாரலைப் பார்த்தார். "அதுக்கு எதுக்கு அம்புட்டு தூரம்?" என்றார்.

ஆர்.டி. இரண்டாவது தவணை போன வாரம் கட்டியாயிற்று. வாத்தியார் மனைவியின் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருக்கிறது. குரூப்பில் இப்போது அதிகம் எழுதுவது வாத்தியார்தான். நேற்று ஃபியோர்டு படகு நேரங்களை வரிசையாகப் போட்டிருந்தார். பேங்க்காரர் அம்மாவிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். ட்ரோம்ஸோ டிக்கெட்டை ஜனவரிக்குள் எடுத்தால்தான் விலை கட்டுப்படியாகும்.