அண்ணாச்சி, ரேட்டைக் கொஞ்சம் பாருங்க!

'திருவண்ணாமலைக்குப் போறேன்' என்று ஆபீஸில் லீவ் கேட்டுப் பாருங்கள். "என்ன சார், கிரிவலமா?" என்பார்கள். இல்லை சார், இது வேற திருவண்ணாமலை! ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமாக ஒரு சின்னக் குன்று. உச்சியில் சீனிவாசப் பெருமாள். 'தென் திருப்பதி' என்று சொல்வாரும் உண்டு. அங்கே சிவன், இங்கே பெருமாள். நடுவே முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல்!

இந்தப் பூகோளம் எதற்கு என்கிறீர்களா? செல்போனில் 'திருவண்ணாமலை' என்று தட்டி ரூம் தேடினால், அது நேராக அருணாசலேஸ்வரர் ஊருக்குத்தான் கூட்டிக்கொண்டு போகும். 'கேன்சல் செய்தால் பணம் கிடையாது' என்கிற மலிவு ரேட்டில் புக் பண்ணியிருந்தால், போட்ட பணத்துக்கும் சேர்த்து அரோகரா! ஆகவே பாடம் நம்பர் ஒன்: இந்தத் திருவண்ணாமலைக்கு வருகிறவர் ரூம் போட வேண்டியது ஸ்ரீவில்லிபுத்தூரில், இல்லையென்றால் பன்னிரண்டு கிலோமீட்டர் போல தள்ளியிருக்கும் ராஜபாளையத்தில்.

இந்த இரண்டு ஊர் லாட்ஜுகளையும் வாழவைப்பவர்கள் பக்தர்கள் மட்டுமல்ல. மெடிக்கல் ரெப், மில்லுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவர், பாங்க் ஆடிட்டுக்கு வருகிறவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வாங்க வருகிறவர்... பெட்டியும் கையுமாக மாதத்தில் பத்து நாள் வருகிற நம்ம ஜாதி! கம்பெனி தரும் பேட்டாவுக்கு மேலே ராத்திரிக்கு இருநூறு ரூபாய் கைக்காசு போனால், மாதம் இரண்டாயிரம். வருஷத்துக்கு இருபத்து நாலாயிரம். பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் சார் அது!

காலி ரூமின் கணக்கு

லாட்ஜ் ரூம் என்பது தக்காளி மாதிரி. இன்றைக்கு விற்காத ரூமை நாளைக்கு விற்க முடியாது. ராத்திரி பத்து மணிக்குக் காலியாகக் கிடக்கும் ரூம், காலையில் வெறும் நஷ்டம். முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. செல்போன் ஆப் மூலம் நீங்கள் புக் செய்தால், லாட்ஜ்காரர் அந்தக் கம்பெனிக்குக் கணிசமாகக் கமிஷன் அழ வேண்டும். ஆகவே ஆப்பில் ரேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு லாட்ஜுக்கே போன் போடுங்கள்.

"அண்ணாச்சி, ஆப்ல ஆயிரத்து இருநூறு காட்டுது. நேரா வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஆயிரத்து நூறு குடுங்க தம்பி."

"மாசம் மூணு தடவை வருவேன் அண்ணாச்சி. எப்பவும் இங்கேதான்."

கொஞ்சம் மௌனம். பேனா மூடி திறக்கும் சத்தம்.

"சரி, ஆயிரம். வெளியே சொல்லாதீங்க!"

(எல்லாரிடமும் இதையேதான் சொல்லுவார். அது வேற விஷயம்.)

கவனியுங்கள், இங்கே வேலை செய்தது கெஞ்சல் அல்ல. 'மறுபடி வருவேன்' என்கிற ஒரு வார்த்தை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் அடிக்கடி பறக்கிறவர்களுக்குச் சலுகைத் திட்டம் கொண்டு வந்ததும், பெரிய ஓட்டல்கள் பாயின்ட் கார்டு நீட்டுவதும் இதே தத்துவம்தான். நம்மூரில் கார்டு கிடையாது. மேனேஜரின் ஞாபகசக்திதான் கார்டு. ஆகவே ஊருக்கு நாலு லாட்ஜ் மாற்றாதீர்கள். ஒரே லாட்ஜ், ஒரே முகம். ரூம் பாயிடம் மரியாதையாகப் பேசுங்கள். 'அந்த சார் நல்ல மாதிரி' என்று அவன் சொல்லும் ஒரு வார்த்தை, பாத்ரூம் ஒழுகாத ரூமை வாங்கித் தரும்.

பஞ்சாங்கம் பார்த்துக் கிளம்புங்கள்

இந்தப் பக்கத்தில் ரூம் வாடகையை நிர்ணயிப்பது முதலாளி அல்ல, பஞ்சாங்கம்! புரட்டாசி சனிக்கிழமையென்றால் திருவண்ணாமலைக்குக் கூட்டம் சாரிசாரியாக வரும். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி. மார்கழியில் ஆண்டாள் சந்நிதி. கார்த்திகை பிறந்துவிட்டால் ராஜபாளையம் வழியாகச் சபரிமலை போகும் சாமிமார்கள். போதாததற்குக் குற்றால சீஸன், தீபாவளிக்கு முன்னால் சிவகாசிப் பட்டாசு வியாபாரம். அத்தனையையும் தூக்கிச் சாப்பிடுவது முகூர்த்த நாள். கல்யாணக் கோஷ்டி மொத்த மாடியையும் பிடித்திருக்கும்போது போய், 'அண்ணாச்சி, ரேட்...' என்று ஆரம்பித்தால், அண்ணாச்சி உங்களைத் தாண்டிப் பின்னால் நிற்கிறவரைப் பார்ப்பார்.

டூர் புரோகிராம் நம் கையில் இருந்தால் முகூர்த்தமில்லாத செவ்வாய், புதனாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். மானேஜருக்கு ஜோசியப் பைத்தியம் என்று பெயர் வரும். வரட்டும். பணம் மிச்சம்.

இருபத்து நாலு மணி நேரம்

ரேட்டைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. "செக்-அவுட் பன்னிரண்டு மணியா, இருபத்து நாலு மணி நேரமா?"

பொதிகை எக்ஸ்பிரஸில் எழும்பூரில் ராத்திரி ஏறினால் விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர், அடுத்தது ராஜபாளையம். மதியம் பன்னிரண்டு மணிக் கணக்கு வைத்திருக்கும் இடத்தில் காலை ஆறுக்கு நுழைந்தால், பன்னிரண்டோடு ஒரு நாள் முடிந்துவிட்டது என்பார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை! இருபத்து நாலு மணி நேர லாட்ஜில் அதே வாடகைக்கு மறுநாள் காலை ஆறு வரை கால் நீட்டலாம். ரேட் நூறு ரூபாய் கூட இருந்தாலும் லாபம் இதில்தான். அன்று ராத்திரியே ரயிலேறுகிறவரா? குளித்து, சட்டை மாற்ற மட்டும் 'அரை நாள் ரேட்' கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

பஸ், ரயில்

ரயிலில் முன்பதிவு 120 நாள் என்பது போய், 2024 நவம்பர் முதல் 60 நாள். தேதி தெரிந்தால் அன்றைக்கே தட்டிவிடுங்கள். தட்கலுக்குத் தரும் அதிகப்படிப் பணத்தில் இரண்டு வேளை மீல்ஸ் சாப்பிடலாம். அப்பா அம்மாவை ஆண்டாள் தரிசனத்துக்கு அழைத்து வருகிறவர்கள் கவனிக்க: மூத்த குடிமக்களுக்கான ரயில் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, நின்றதுதான்.

அரசு பஸ்ஸில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஆன்லைனில் முன்பதிவு செய்து ஒரே மாதத்தில் ஐந்து தடவைக்கு மேல் போகிறவருக்கு, ஆறாவது பயணத்திலிருந்து பாதிக் கட்டணம் என்று 2023-ல் அறிவித்தார்கள். நம்மைப் போன்ற ஊர்சுற்றிகளுக்கென்றே போட்ட மாதிரி இருக்கிறது! எல்லா டிக்கெட்டையும் ஒரே கணக்கில் எடுங்கள். ஒன்று உங்கள் நம்பர், ஒன்று மச்சான் நம்பர் என்றால் யாருக்கும் ஆறாவது வராது.

சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மனைவியோடு வந்தவர், 'பாதி செலவு மிச்சம்' என்று சந்தோஷப்படலாம். அந்த மிச்சம் பால்கோவாக் கடை வாசல் வரைதான்!

கடைசியாக, பில்

ரூம் வாடகை 7,500 ரூபாய் வரை என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். முன்பு 12. ஆயிரம் ரூபாய் ரூமுக்கு 120 போய் 60 குறைய, 50 ஆகிவிட்டது என்று குழம்ப வேண்டாம்: முன்பு 120, இப்போது 50, மிச்சம் 70. வரி என்று தனியாக வாங்கினால் பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா பாருங்கள். எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால், 'இது எந்தக் கவர்ன்மெண்ட் அண்ணாச்சி?' என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

இன்னொரு பில்லும் உண்டு. "ஆயிரம் வாங்கிக்குங்க, ஆயிரத்து நானூறுன்னு எழுதிக் குடுங்க" என்கிற பில். வேண்டாம் சார். குறைத்துக் கேட்பது சாமர்த்தியம். கூட்டி எழுதச் சொல்வது திருட்டு. ஆடிட்டில் மாட்டினால் நானூறு ரூபாய்க்கு வேலையே போகும். மாட்டாவிட்டாலும், அந்த நிமிஷத்திலிருந்து கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் நீங்கள் வேற ஆள். அப்புறம், "தம்பி நல்ல மாதிரி, ரேட்டைப் பார்த்துப் போடு" என்று அவர் எப்படிச் சொல்வார்?

எல்லாம் பேசி இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்தாயிற்றா? சந்தோஷம். இனி ஆண்டாள் கோயில் தெருவுக்குப் போய் அரை கிலோ பால்கோவா வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு அது.

அங்கே மட்டும் பேரம் பேசாதீர்கள். நடக்காது!