அணிலும் கடல் அட்டையும்

அணிலைப் பற்றி எழுதுவது சுலபம். அதற்கு முகம் இருக்கிறது. கொய்யாக்கிளையில் தலைகீழாக நின்று வாலைச் சொடுக்கிச் சொடுக்கிக் கத்தும்போது, நம்மைத்தான் திட்டுகிறது என்று எடுத்துக்கொள்ள முடிகிறது. போதாததற்குப் புராணமும் உண்டு. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில், நீரில் முங்கி மணலில் புரண்டு கடலை அடைக்க ஓடும் அணில் வருகிறது. முதுகுக் கோடுகள் ராமனின் விரல் தடம் என்பது ஜனங்கள் சொல்லும் கதை. வால்மீகியில் இந்த அணில் இல்லை; எனக்கு அதில் புகார் இல்லை.

கதை நடந்ததாகச் சொல்லும் அதே கடலின் அடியில் கடல் அட்டை மணலைத் தின்றுகொண்டிருக்கிறது. அதில் ஒட்டிய மக்கலையும் நுண்ணுயிர்களையும் எடுத்துக்கொண்டு, மீதியை வெளியே விடுகிறது. மணல் சுமப்பதில் அணில் இதனிடம் நிற்க முடியாது. ஆனால் தடவிக் கொடுக்க ஒரு கையும் நீளவில்லை. எங்கே தடவுவது? தலை இல்லை, கண் இல்லை, மூளை இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம். மூச்சு ஆசனவாய் வழியாக. சில இனங்கள் மிரண்டால் குடலையே வெளியே கொட்டிவிட்டு, பிறகு வேறு குடல் வளர்த்துக்கொள்கின்றன. இதற்கு உவமை தேடிப் பார்த்தேன். நம் உவமைகள் எல்லாம் முகம் உள்ளவற்றிடம் வாங்கியவை.

பெயரே இரவல். வழவழவென்று நீளமாகக் கிடந்தால் நமக்கு அட்டை. உயிரியல் வேறு சொல்கிறது. கருவின் முதல் துவாரம் வாயாகாமல், வாய் பிறகு தனியே திறக்கும் பெருங்கிளையில் அணில், நாம், கடல் அட்டை மூவரும் இருக்கிறோம். ரத்தம் உறிஞ்சும் அட்டை அந்தப் பக்கமே இல்லை. கடல் அட்டை அட்டையைவிட அணிலுக்குத்தான் நெருங்கிய சொந்தம். (நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.)

2001ல் இந்திய அரசு கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. சட்டமாவது முகம் பார்க்கவில்லையே என்று சந்தோஷப்படத் தோன்றியது. ஆனால் மன்னார் வளைகுடாவில் முங்கி அதை எடுத்துப் பிழைத்தவர்களுக்கு அதோடு தொழில் குற்றமாகிவிட்டது. அவர்களுக்கு முகம் இருந்தது. அதையும் யாரும் அதிகம் பார்க்கவில்லை.

இலங்கைப் பக்கம் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம். அவித்து, மணலில் புதைத்து வைத்து, மேல்தோலைத் தேய்த்தெடுத்து, மறுபடி அவித்துக் காயவைப்பார்கள். விரல் நீளத்துக்குச் சுருங்கிக் கட்டையாகி, சீன விருந்துக்குக் கப்பலேறும்.