தெல்லிப்பழை: கிண்ணத்தில் எழுதாத பெயர்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம் என்று ஊர்களைக் கடந்தால் ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் தெல்லிப்பழைச் சந்தி வரும். செம்மண் தோட்டங்களும் பனை வடலிகளும் சூழ்ந்த இந்த ஊரை வெளியூரார் மூன்று காரணங்களால் அறிவார்கள்: துர்க்கை அம்மன் கோயில், பழம்பெரும் பாடசாலைகள், புற்றுநோய் மருத்துவமனை. முதல் இரண்டையும் ஊரவர் பெருமையோடு சொல்வார்கள். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். ஒரு காலத்தில் யாரையாவது கொழும்பை அடுத்துப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் மகரகமவுக்குக் கொண்டுபோனார்கள் என்றால் அதற்கு மேல் எவரும் விசாரிப்பதில்லை. ஊர்ப்பெயரே நோயின் பெயராகிவிட்டிருந்தது. இப்போது அந்தச் சுமை தெல்லிப்பழையின் மேலும் ஏறத் தொடங்கியிருக்கிறது. அதை இறக்கி வைக்கும் வழி இந்த ஊரிடமே, அதன் பாடசாலை மைதானங்களிலேயே இருக்கிறது. புற்றுநோய்க்குப் பலியான ஓர் இளம் வீரரின் நினைவாக இங்கே பாடசாலைச் சுற்றுப்போட்டி நடந்தால், அதில் அந்த வீரரின் பெயரோடு நோயின் பெயரும் உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தெல்லிப்பழையில் கல்வியின் கதை நீளமானது. அமெரிக்க மிஷனரியான டானியல் பூவர் 1816இல் இங்கே வந்து தொடங்கிய கல்விப் பணியையே யூனியன் கல்லூரி தன் தோற்றமாகக் கொள்கிறது. பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் மகாஜனக் கல்லூரியை நிறுவினார். துர்க்கை அம்மன் கோயிலைப் பல ஆண்டுகள் நிருவகித்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி 2008இல் மறையும்வரை, கோயில் என்பது வழிபாட்டோடு நின்றுவிடும் இடமல்ல என்று செய்து காட்டினார். ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கான துர்க்காபுரம் மகளிர் இல்லம் அப்படி எழுந்தது. 1990இல் போர் தெல்லிப்பழை அடங்கிய வலிகாமம் வடக்கைக் காலி செய்தது. சனம் கையில் கிடைத்ததோடு வெளியேறியது. பாடசாலைகள் வேறு ஊர்களில் இரவல் இடங்களில் நடந்தன. ஊரின் பெரும்பகுதி நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயத்தின் நிழலில் கிடந்தது. காங்கேசன்துறை வரைக்கும் ரயில் மீண்டும் ஓடியது 2015இல்தான். பற்றை மண்டிக் கிடந்த மைதானத்தைத் துப்புரவாக்கி அதில் பிள்ளைகளை ஓடவிடுவது அப்படித் திரும்பி வந்த ஓர் ஊருக்கு விளையாட்டு மட்டுமல்ல, குடியேற்றத்தின் ஒரு பகுதி. மகாஜனாவின் பெண்கள் உதைபந்தாட்ட அணி அகில இலங்கைக் கிண்ணங்களைத் தூக்கி வந்ததையும், அதே பாடசாலையின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசியச் சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்ததையும் இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தார் தங்கள் இறந்தோரை மறக்காமல் இருக்க இரண்டு வழிகளை வைத்திருக்கிறார்கள். ஒன்று, அந்தியேட்டியன்று கொடுக்கும் கல்வெட்டு என்னும் நினைவு நூல். மற்றது ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி. குடாநாட்டில் விளையாட்டுக் கழகமோ பழைய மாணவர் சங்கமோ இருக்கும் இடங்களில் ஏதோ ஒரு கிண்ணத்தில் ஒரு பெயர் பொறித்திருக்கும்: உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், துடுப்பாட்டம், பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம். இறந்தவரின் படத்துக்கு மாலை போட்டு, சுடர் ஏற்றி, ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு ஊதுகுழல் ஊதும். இது அருமையான வழக்கம். கல்வெட்டை உறவினர் படித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள். கிண்ணமோ ஆண்டுதோறும் வெளியே வருகிறது, இறந்தவரை ஒருநாளும் கண்டிராத பிள்ளைகளின் கைக்குப் போகிறது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. விபத்தில் போனவர் என்றால் விபத்தென்று எழுதுவார்கள், போரில் போனவர் என்றால் அதையும் எழுதுவார்கள். புற்றுநோயில் போனவர் மட்டும் பெரும்பாலும் ‘காலனால் கவரப்பட்டவர்’ அல்லது ‘சுகவீனம் காரணமாக’ என்ற சொற்களுக்குள் மறைக்கப்படுகிறார்.

இந்த ஊரில் அந்த மறைப்பு குறிப்பாகப் பொருந்தாது. இங்குள்ள மருத்துவமனையே மனிதர் வெளிப்படையாக நடந்த நடையில் எழுந்தது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 2011 யூலையில், ‘ட்ரெயில்’ என்ற பெயரில் ஒரு நடைபயணம் தெற்கே தெய்வேந்திரமுனையில் தொடங்கிப் பருத்தித்துறை முனை வரை வந்தது. 27 நாள், 670 கிலோமீற்றர். நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இருவர் முன்னின்ற அந்த நடையில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கால் வைத்தார்கள். வழி நெடுகத் திரட்டிய பணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனையாயிற்று. அதுவரை வடக்கின் நோயாளி ஒருவர் முழுமையான சிகிச்சைக்கு 400 கிலோமீற்றர் தாண்டி மகரகமவுக்குப் போக வேண்டியிருந்தது. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது அந்தப் பயணம் என்னவாகியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. 2016இல் அதே நடை, இம்முறை பருத்தித்துறையிலிருந்து தெற்கே, காலி கராப்பிட்டியவில் ஒரு புற்றுநோய்ப் பிரிவுக்காக நடந்தது. அதற்கு முகமாக நின்றவர்களில் துடுப்பாட்ட வீரர் மகேல ஜயவர்தன ஒருவர். அவருடைய தம்பி திஷால் 16 வயதில் மூளைப் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்தில் துடுப்பைக் கீழே வைத்த மகேல பெற்றோரும் அணியினரும் தேற்றிய பிறகே மைதானத்துக்குத் திரும்பினார். பின்னாளில் தம்பிக்கு வந்த நோயை வெளிப்படையாகச் சொல்லியே நிதி கேட்டார். சொன்னதால் தம்பியின் பெயர் குறைந்துவிடவில்லை.

பாடசாலை விளையாட்டுக்கும் இந்த நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நினைவேந்தல் என்ற ஒரு தொடர்பு மட்டும்தான் என்றால் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். வளரும் வயதில் வரும் எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் முழங்காலை ஒட்டித்தான் தோன்றுகிறது: தொடையெலும்பின் கீழ் முனை, கணைக்கால் எலும்பின் மேல் முனை. எலும்பு வேகமாக நீளும் பத்திலிருந்து இருபது வயதுக்குள் அது அதிகம் வருகிறது. முதல் அறிகுறி வலி. விளையாடும் பிள்ளையின் முழங்கால் வலியை யார்தான் சந்தேகிப்பார்கள்? மைதானத்தில் பிசகியிருக்கும் என்று எண்ணெய் போட்டு உருவுவார்கள், புக்கை கட்டுவார்கள், இறுதியாட்டம் முடியட்டும் என்று பிள்ளையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும். உலகம் அறிந்த சான்று டெரி பொக்ஸ். கனடாவில் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட வீரராயிருந்த அவருக்கு 1976இன் கடைசியில் வலது முழங்கால் நோகத் தொடங்கியது. ஆட்டப் பருவம் முடியட்டும் என்று பொறுத்தார். 1977 மார்ச்சில் எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்து முழங்காலுக்கு மேலே கால் அகற்றப்பட்டபோது அவருக்கு வயது 18. பிறகு செயற்கைக் காலோடு 1980 ஏப்ரல் 12இல் கனடாவின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கி, 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நின்றார். அடுத்த ஆண்டு யூன் 28இல், 22 வயதில் இறந்தார்.

முறிவு நெரிவுக்குப் பரம்பரை வைத்தியத்தை நம்பும் மண் இது. அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. பிசகிய மூட்டுக்கு அவர்கள் கை போதும். ஆனால் இரவில் நித்திரையைக் கெடுக்கும் வலி, வாரக்கணக்கில் வற்றாத வீக்கம், அடிபடாமலே வரும் நோவு ஆகியவற்றுக்கு முதலில் எக்ஸ்ரே வேண்டும். கட்டியுள்ள எலும்பை அமுக்கி உருவுவது கேடு செய்யும். இந்த மூன்று அறிகுறிகளையும் ஒரு பயிற்றுநர் அறிந்திருந்தால் போதும். பரவுமுன் கண்டுபிடித்தால் இன்று அந்த நோய் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிழைக்க வழியுண்டு. காலை வெட்டாமல் காப்பாற்றும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. சிறுவர் புற்றுநோயில் அதிகம் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்கும் பயிற்றுநரின் கவனம் உதவும். காரணமில்லாத களைப்பும், விட்டு விட்டு வரும் காய்ச்சலும், சிறு அடிக்கே பரவும் கண்டலும் முதலில் தெரிய வருவது மைதானத்தில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி செல்வ நாடுகளில் புற்றுநோய் வந்த சிறுவரில் 100க்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். ஏழை நாடுகளில் 30 பேர்கூட இல்லை. மருந்தும் வசதியும் அந்த வேறுபாட்டுக்குக் காரணம்தான். தாமதமாகக் கண்டுபிடிப்பதும் காரணம், அந்தத் தாமதத்தை ஊர் குறைக்கலாம்.

மறுப்புகள் வரும், அவற்றில் முதலாவது கனமானது. பெற்றோரின் துயரத்தைச் சந்திக்கு இழுக்க எவருக்கும் உரிமை இல்லை. வீட்டில் இன்னும் பிள்ளைகள் இருந்தால் நாளைக்குக் கலியாணப் பேச்சில் ‘அந்த வருத்தம் உள்ள குடும்பம்’ என்ற பேச்சு எழும். உண்மை. ஆகவே குடும்பம் மனமுவந்து சம்மதிக்காமல் ஒரு சொல்லும் வெளியே போகக் கூடாது, படத்தையும் வைக்கக் கூடாது. ஆனால் அந்தக் கலியாணப் பேச்சுக்கு உயிர் கொடுப்பது மௌனம்தான். இது தொற்றும் நோயல்ல. சிறுவர் புற்றுநோயில் பரம்பரையாக வருவது சிறு பங்கு மட்டுமே. இதை ஒரு வைத்தியர் ஒலிவாங்கியில் ஐந்து நிமிடம் சொன்னால், பத்து வீட்டு வாசலில் நடக்கும் குசுகுசுப்பு அடங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அதற்குத் தமிழ் நூல்களும் ஆக்கிய குடாநாடு இது. நோய்களுக்குத் தமிழில் பெயர் சொல்ல அன்றே பழகிய மண் இன்று ஒரு நோயின் பெயருக்குக் கூசுவது பொருத்தமில்லை.

பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், ஒவ்வொரு கால் நோவுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள் என்பது அடுத்த மறுப்பு. எலும்புப் புற்றுநோய் மிக அரிது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலான முழங்கால் வலிகள் வெறும் வலிகளே. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அளவு தெரிந்த பயம் பிள்ளையைக் கலங்கடிப்பதில்லை. எவரும் பேசாத பயம்தான் கலங்கடிக்கும். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நாம் நினைக்கிறோம். வகுப்பில் ஒரு கதிரை வெறுமையாகும்போது அவர்களுக்கு எல்லாம் தெரியும், கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு சுற்றுப்போட்டியில் சேரும் பணம் எம்மாத்திரம், மருத்துவமனையை நடத்துவது அரசின் கடமையல்லவா என்போரும் உண்டு. அரசின் கடமைதான், அதை ஒரு சதமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனாலும் தெல்லிப்பழை மருத்துவமனை அந்தக் கடமைக்காகக் காத்திருந்து எழுந்ததல்ல. டெரி பொக்ஸ் நினைவோட்டம் 1981 செப்ரெம்பரில் தொடங்கியது. இன்றுவரை 80 கோடி டொலருக்கு மேல் புற்றுநோய் ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் செப்ரெம்பரில் கனடாப் பாடசாலைகளில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ரொறன்ரோவில் வளரும் நம் பிள்ளைகளும் அந்த ஓட்டத்தில் ஓடி, அந்த இளைஞரின் பெயரையும் நோயையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகிவிட்டார்கள். அதே குடும்பங்கள்தான் ஊரில் கிண்ணத்துக்குக் காசு அனுப்புகின்றன. அந்த ஓட்டத்தில் முதலிடம் இல்லை, பரிசு இல்லை. நம் சுற்றுப்போட்டியில் வெற்றி தோல்வி இருக்கட்டும். போட்டி இல்லாமல் நம்மவருக்கு ஆட்டம் ருசிக்காது. ஆனால் தோற்ற அணியும் வென்ற அணியும் ஒரே உண்டியலில் போடும் ஒரு நேரம் அதில் இருக்கலாம். நோயாளியோடு வந்து தங்கும் தாய்க்குப் பேருந்துக் காசும் சாப்பாடும் கொடுக்க அது போதும்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் வலிகாமத்தின் விளையாட்டுக் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் இளம் வீரரின் பெயரில் கிண்ணம் வைக்கும்போது, முதலில் பெற்றோரிடம் போய் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் அழைப்பிதழில் ‘சுகவீனம்’ என்று எழுதாதீர்கள், புற்றுநோய் என்றே எழுதுங்கள். இறுதியாட்டத்துக்கு முன் மருத்துவமனையிலிருந்து ஒரு வைத்தியரையோ தாதியையோ அழைத்துப் பயிற்றுநர்களோடு அரை மணி நேரம் பேசவிடுங்கள். பிரமுகர் உரைகளில் இரண்டைக் குறைத்தால் அந்த அரை மணி கிடைத்துவிடும்.