கரண்டியின் முதுகு

பழைய வெள்ளிக் கரண்டி கைக்கு வந்தால் முன்பக்கப் பூவேலையில் மயங்கி நிற்காமல் உடனே திருப்பிப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியை ஒட்டிய சந்தில் பட்டறை வைத்திருக்கும் பெரிய பத்தரின் கட்சி அது. எழுபதைக் கடந்தவர். கரண்டியின் ஊரும் குலமும் காம்பின் முதுகில்தான் இருக்கின்றன என்கிறார்.

நச்சாந்துபட்டி வீடொன்றில் ஆச்சி எடுத்துக் கொடுத்த கரண்டிகளோடு அவரிடம் போயிருந்தேன். ஆச்சியின் பேரனும் உடன் வந்தார். பர்மா, மலாயா என்று கொண்டுவிற்கப் போய்வந்த குடும்பம். சீமைச் சாமானுக்குக் குறைவில்லை. “எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி யாரு செஞ்சதுன்னு கேட்டுட்டு வாங்க தம்பி” என்று ஆச்சி சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் கரண்டியின் முதுகில் ஆங்கிலத்தில் ‘1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்’. நூற்றெழுபது வருஷத்துக்கும் மேற்பட்ட சாமான் என்று பேரனுக்கு ஒரே மகிழ்ச்சி. பத்தர் ஒற்றைக்கண் லென்ஸை மாட்டிக்கொண்டு கிண்ணத்தின் அடிப்புறத்தைப் பார்த்தார். மேசையில் உரசி உரசித் தேய்ந்த இடத்தில் மட்டும் நிறம் மங்கி, மஞ்சள் சாயல் தட்டியது. “முலாம் தம்பி. உள்ள வேற உலோகம்” என்றார்.

அவர் சொன்னது சரி. ரோஜர்ஸ் சகோதரர்கள் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்தவர்கள். மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசுவதில் பெயர் எடுத்தவர்கள். 1847 என்பது அவர்களுடைய வியாபாரப் பெயரின் ஒரு பகுதி. பின்னாளில் கம்பெனி கைமாறிய பிறகும் அதே எண்ணைப் போட்டுக் கோடிக்கணக்கில் கரண்டிகள் வந்தன. எண்ணைப் பார்த்து வயதைச் சொன்னால் ஏமாந்துபோவோம்.

உண்மையான பழைய அமெரிக்க வெள்ளி வேறு வகை. இங்கிலாந்தில் வெள்ளிச் சாமானைச் சோதித்துச் சிங்க முத்திரை குத்த அலுவலகங்கள் இருந்தன. ஆண்டைக் காட்ட ஓர் எழுத்தும் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் அந்த ஏற்பாடு கிடையாது. தட்டானின் பெயர்தான் உத்தரவாதம். அதனால் பாஸ்டன் பால் ரிவியர் போன்றவர்கள் தங்கள் பெயரையே குத்தினார்கள். வெள்ளி நாணயங்களை உருக்கிச் செய்த கரண்டிகளும் ஏராளம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் பல கரண்டிகளில் இருப்பது விற்ற கடைக்காரரின் பெயர். அடித்தவர் வேறு ஊரில், வேறு பட்டறையில். அங்கேயும் செய்த கையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கரண்டி அதையே நம் ஊர்க் கதையாகச் சொன்னது. காம்பில் சாமி உருவங்கள் புடைத்து நிற்க, முதுகில் ‘பி. ஆர் அண்டு சன்ஸ்’ முத்திரை. மதராஸ் மவுண்ட் ரோடில் கடிகாரமும் வெள்ளிச் சாமானும் விற்ற பெரிய கம்பெனி. இந்த வேலைப்பாட்டை வெள்ளைக்காரர்கள் ‘சுவாமி வெள்ளி’ என்று தேடி வாங்கினார்கள். அரக்கில் பதித்து, உளியால் தட்டித் தட்டி அந்த உருவங்களை எழுப்பியவர்கள் நம் பத்தர்கள். முத்திரையில் அவர்கள் இல்லை.

மூன்றாவதைத்தான் பத்தர் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். முதுகில் ஆச்சி வீட்டு விலாசம், அதாவது குடும்பப் பெயரின் முதலெழுத்துகள், மட்டும் வெட்டியிருந்தது. காம்பும் கிண்ணமும் சேரும் இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். “தனித்தனியா அடிச்சுப் பத்த வச்சிருக்காக. பத்த வைக்கிற பொடி ஒரு இடத்துலயும் வழியல பாருங்க.” வெண்காரம் தடவி, ஊதுகுழலால் தீயை அந்த ஒரு கோட்டில் மட்டும் நிறுத்த வேண்டும். கொஞ்சம் கூடினால் கிண்ணமே உருகிவிடும். வெள்ளி அடிக்க அடிக்க இறுகும். நடுநடுவே சுட்டு இளக்காவிட்டால் ஓரம் வெடிக்கும். இதில் ஓர் ஓரமும் வெடிக்கவில்லை.

உரைகல்லில் லேசாக இழுத்து, திராவகம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். “ரூபா வெள்ளி மாதிரி இருக்கு” என்றார். அவருடைய அப்பா காலத்தில் வெள்ளி ரூபாய்களைக் கொடுத்துத்தான் சாமான் செய்யச் சொல்வார்களாம். 1940 வரை அந்த ரூபாய் 11.66 கிராம் எடை, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்கு மேல் வெள்ளி. அமெரிக்கத் தட்டானும் புதுக்கோட்டைப் பத்தரும் ஒரே மாதிரி நாணயத்தை மூசையில் போட்டவர்கள்தாம்.

“யாரு கைன்னு சொல்ல முடியுமாய்யா?”

“எங்கப்பா இருந்தா அரம் போட்டிருக்கிறதப் பாத்தே சொல்லிருப்பாரு. எனக்குத் தெரியல தம்பி. பேரு வெட்டுறது எங்க வேலைதான். ஆனா எங்க பேர வெட்டுனதில்ல.”

இப்போது ஹால்மார்க் வந்துவிட்டது. வெள்ளிக்கும் 2025 செப்டம்பர் முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு உண்டு, கட்டாயமில்லை. அந்தக் குறியீட்டைச் செல்போன் செயலியில் தட்டினால் கடையும் சோதனை நிலையமும் தெரியும். பத்தர் தெரியமாட்டார். இது சரியில்லை என்றே நினைக்கிறேன். விற்பவருக்கு ஒரு முத்திரை உண்டென்றால் செய்தவருக்கும் அதன் பக்கத்திலேயே இரண்டெழுத்துக்கு இடம் இருக்கிறது.

ஆச்சி மூன்றாவது கரண்டியை எடைக்குப் போடவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், உருக்கக் கொடுக்கும் முன் அதன் முதுகைப் படம் எடுத்து வையுங்கள். எந்த ஊர்ப் பத்தர் செய்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அந்தப் பெயரையும் எழுதி வையுங்கள்.