சில்லாலைப் பெரியவரின் வழக்கு

1995 ஏப்ரல் 19ஆம் திகதி போர்நிறுத்தம் முறிந்ததும் கொழும்பில் சுற்றிவளைப்புகள் மறுபடி தொடங்கின. வெள்ளவத்தை லொட்ஜுகளில் இரவில் பிடிபட்ட தமிழர்களைக் கல்கிசை நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் அறுபது தாண்டிய சில்லாலைக்காரர். அடையாள அட்டை தொலைந்துவிட்டது. பொலிஸ் பதிவும் இல்லை. உளவு பார்க்க வந்தவர் என்பதே அவர்மீதான சந்தேகம்.

"ஏன் ஐயா கொழும்புக்கு வந்தனீங்கள்?" என்று அவருடைய சட்டத்தரணியாக நான் கேட்டேன்.

"யோசவ்வாஸ் முனிவருக்குப் பட்டம் குடுக்கிறதைப் பாக்க வந்தனான், தம்பி. பிறகு கண்ணிலை படலம் எடுக்கவெண்டு நிண்டிட்டன். அதுக்கிடையிலை பாதையைப் பூட்டிப்போட்டாங்கள்."

அந்த ஜனவரி 21ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், யோசவ்வாஸ் அடிகளை அருளாளராகப் பிரகடனம் செய்திருந்தார். நான் சைவன், முனிவரை அதுவரை பெயரளவில்தான் தெரியும். கட்சிக்காரர் விளக்கமறியலில் இருந்த நாட்களில் முனிவரின் வரலாற்றை எடுத்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க, மேசையில் கிடந்த கோப்பு வேறு, அந்த வரலாறு வேறு என்று எனக்குத் தோன்றவில்லை.

1651இல் கோவாவின் பெனாலிமில் பிறந்தவர். 1677 ஆகஸ்ட் 5ஆம் திகதி, தம்மை மாதாவுக்கு என்றென்றைக்கும் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதினார். காணி உறுதிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒருவர் தன்னையே எழுதிக்கொடுத்த உறுதியை வேறெங்கும் கண்டதில்லை. 1687இல் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டார். புயலில் அலைந்த கப்பல் மன்னாரில் ஒதுங்க, அங்கிருந்து யாழ்ப்பாணம் போனார். டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம். அடைக்கலம் கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு. முனிவர் பிச்சைக்காரக் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாகப் போனார். அந்த மாலையைக் கண்டு முகம் மலர்பவர் யாரென்று பார்த்துத் தம் சனங்களைத் தேடினார். பிறகு தங்கியது என் கட்சிக்காரரின் ஊரான சில்லாலையில். யாழ்ப்பாணத்தில் அவரைப் பிடித்து வழக்குப் போட்டிருந்தால் எந்தச் சட்டத்தரணியாலும் காப்பாற்றியிருக்க முடியாது. சட்டத்தை மீறினார் என்பது உண்மை. அந்தச் சட்டம் கொடியது என்பதும் உண்மை.

கண்டியில் நடந்தது வேறு கதை. 1692இல் புத்தளத்திலிருந்து அங்கே போனவரை, போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று சொல்லிக் காட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறைவைத்தான். ஒற்றன் அல்ல என்று காட்ட அவரிடம் எந்தக் கடதாசி இருந்திருக்கும்? காவலர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். செபிப்பதையும் சிங்களம் படிப்பதையும் தவிர வேறெதையும் காணவில்லை. காவல் மெல்லமெல்லத் தளர்ந்தது. பின்னொரு கடும் வறட்சியில் மன்னன் கேட்க, வெட்டவெளியில் பீடம் அமைத்து அவர் மன்றாடினாராம், மழை கொட்டியதாம், அவரும் பீடமும் மட்டும் நனையவில்லையாம். பெரியவர் இதை எனக்குச் சிறைக் கம்பிக்குப் பின்னால் நின்று சொன்னார், தன் கண்ணால் கண்டவர்போல.

என் மனத்தைப் பிடித்தது 1697இன் அம்மை நோய். பெற்ற பிள்ளையைக்கூட விட்டு ஓடியவர்கள் உண்டு. முனிவரும் அவருடைய மருமகனான யோசேப் த கர்வாலோ அடிகளும் ஓடவில்லை. கைவிடப்பட்டவர்களைச் சமயம் பார்க்காமல் ஓரிடத்தில் சேர்த்து, கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். ஒற்றன் என்ற சொல் அதற்குமேல் யார் வாயிலும் நிற்கவில்லை.

நீதிமன்றத்தில் முனிவரின் பெயரை வைத்து நான் வாதாடவில்லை. பெரியவரை அறிந்தவர்களைத் தேடினேன். சில்லாலையில் முன்பு பணியாற்றிய குருவானவர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருந்தார். அவர் வந்து, இவரை எனக்குத் தெரியும், இவர் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது நான்தான் என்றார். கண் வைத்தியத் துண்டில் திகதி இருந்தது. வேறு சாட்சியம் இல்லையென்று பொலிஸ் தரப்பும் ஒப்புக்கொண்டது. நீதவான் குருவானவரிடம் இரண்டொரு கேள்வி கேட்டுவிட்டு விடுதலைக் கட்டளையை எழுதினார். பெரியவர் வெளியே வந்து என் கையைப் பிடித்தபடி, மற்றப் பெடியளையும் பாருங்கோ தம்பி என்றார். அவர்களில் பலருக்கு அறிந்து சொல்ல ஒருவரும் கொழும்பில் இல்லை. அது இன்றும் என்னை வருத்துகிறது.

2015 ஜனவரி 14ஆம் திகதி அதே காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசவ்வாஸ் முனிவரைப் புனிதராக அறிவித்தார். அருளாளர் பட்டத்துக்கு அற்புதமாக ஏற்கப்பட்டது 1938இல் கோவாவில் ஆபத்தாயிருந்த ஒரு பிரசவம். பிழைத்த அந்தக் குழந்தை பின்னாளில் குருவானது. புனிதர் பட்டத்துக்கு வழமையாகக் கேட்கும் இரண்டாவது அற்புதத்தைப் பிரான்சிஸ் கேட்கவில்லை. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். கண்டியில் அம்மை கண்டவர்களின் அருகே அவர் இருந்ததற்கு மேல் எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.